ஒன்றாம் சேனல்

தம்பி கல்யாணத்துக்கு வெளியாள் ஒருவரை வைத்துப் படம் எடுக்கலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது அவரை நான் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். திருச்செங்கோட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். முகூர்த்த நாளானால் லைட் ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மண்டபம் மண்டபமாக ஓடுகிறவள் நான். சொந்தத் தம்பி கல்யாணத்தில் மட்டும் இன்னொருவன் கேமராவைப் பிடிக்க, நான் சந்தனக் கும்பாவோடு வாசலில் நின்று பல்லைக் காட்ட வேண்டுமா? "நானே எடுக்கறேன், இதுக்கு மேல பேச்சு வேண்டாமுங்க" என்றேன். அவர் லேத் பட்டறை வைத்திருப்பவர். இரும்போடு பழகிப் பழகி எதற்கும் அவசரப்படாதவர். டீயைக் குடித்து முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீயே எடுத்தா, நீ எப்படிப் புள்ள படத்துல வருவ?"

எனக்குச் சுருக்கென்றது. காரணம் அப்பா. அப்பா போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இறந்தார். தோட்டத்து மோட்டார் ரூம் பக்கம் போனவர் திரும்பி வரவில்லை, நெஞ்சுவலி. காரியத்துக்குப் படம் வேண்டும் என்றபோது என்னிடம் அப்பாவின் படங்கள் ஏராளமாக இருந்தன. கன்றுக்குட்டியோடு அப்பா, மஞ்சள் வேகவைக்கும் அடுப்பின் முன்னால் அப்பா, அம்மாவோடு மலைக்கோயில் படியில் அப்பா. அத்தனையும் நான் எடுத்தவை. நானும் அவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை. குழந்தையாக அவர் தோளில் உட்கார்ந்திருந்த பழைய படமும் ஓட்டு வீடு ஒழுகிய மழையில் நனைந்து, கண்ணாடியோடு ஒட்டிப்போய்விட்டது. ஒரே ஒரு படத்தில், களத்தில் அவர் நின்றிருக்க, முதுகில் வெயிலை வாங்கி எடுத்ததால், என் நிழல் அவர் காலடியில் விழுந்திருக்கிறது. அம்மா அதைத்தான் பெரிதாகப் போடச் சொன்னாள். கூடத்தில் அதுதான் மாட்டியிருக்கிறது. அம்மா அழவில்லை. "எடுக்கறவ எப்பவும் வெளியதான் நிக்கோணும் போல" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பேச்சு என்னை இன்றைக்கும் உறுத்துகிறது.

தம்பி போர்வெல் ரிக் வேலை. கல்யாணம் முடிந்த கையோடு ஆப்பிரிக்காவுக்குப் போவதாக இருந்தது. எங்கள் ஊர் ரிக் லாரிகள் போகாத தேசம் இல்லை, போனால் வருஷக்கணக்கில் அங்கேயேதான். அதனால் அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

"எனக்கு ஒன்னே ஒன்னு வேணுஞ் சாமி. நீயும் தம்பியும் சேர்ந்து நிக்கற படம். அப்பா படத்துக்குப் பக்கத்துல மாட்டோணும்."

சொன்னதோடு நிற்காமல், கல்யாணத்துக்கு வெள்ளையடிக்க வந்த ஆளைப் பிடித்து அப்பா படத்துக்குப் பக்கத்தில் ஆணியும் அடிக்க வைத்துவிட்டாள்.

"அதுக்குத்தான் இணைச்சீர் இருக்குதல்லம்மா" என்றேன்.

இணைச்சீர் எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் அக்கா தங்கைக்கென்றே இருக்கும் சடங்கு. முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளையையும் கூடப்பிறந்தவளையும் மேடையில் சேர்த்து நிறுத்துவார்கள். கல்யாணப் பெண் கட்டப்போகும் கூறைச் சேலையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை இவள் கையில். இவள் இடுப்பில் மூடி போட்ட ஒரு கூடை. பெண்டாட்டி வந்தாலும் கூடப்பிறந்தவள் உறவு விட்டுப்போகாது என்று ஊரறியச் சொல்லும் சடங்கு அது. சீர் முடிந்ததும் அதே சேலை பெண்ணின் அறைக்குப் போய்விடும், அதைக் கட்டிக்கொண்டுதான் அவள் முகூர்த்தத்துக்கு வருவாள். எத்தனையோ அக்காக்களை நான் அந்தக் கோலத்தில் எடுத்திருக்கிறேன். என் முறை வந்தபோது, அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் கேமராவை வீட்டுக்காரர் கையில் கொடுப்பது என்று முடிவானது.

அவருக்குப் படம் எடுக்கத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். அமுக்கத் தெரியும். அதனால் அமுக்குவதைத் தவிர வேறு வேலையே இல்லாதபடி எல்லாவற்றையும் தயார் செய்து வைத்தேன். கேமராவின் தலையில் ஒரு ஃபிளாஷ். அது மாஸ்டர். அதிலிருந்து வெளிச்சம் வராது, மற்ற லைட்டுகளுக்கு உத்தரவு மட்டும் போகும். மேடையின் இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் வெள்ளைக் குடை மாட்டிப் பக்கத்துக்கு ஒரு ஃபிளாஷ். அவை இரண்டும் மாஸ்டர் சொன்னால் அடிக்கிறவை. கம்பி கிடையாது, எல்லாம் ரேடியோதான். மாஸ்டரும் மற்ற இரண்டும் ஒரே சேனலில் இருந்தால் ஒன்று சொல்வது மற்றதற்குக் கேட்கும்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முகூர்த்த நாளில் யாருடைய லைட்டும் அவரவரிடம் இருக்காது. எனக்கு ஒன்று குறைந்தால் ஈரோட்டுக்காரர் கொடுப்பார், சேலத்துக்காரருக்குக் குறைந்தால் நான் பையில் போட்டு பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்துவிடுவேன், அங்கே இறக்கிக்கொள்வார். வந்த லைட் வந்த வேகத்தில் வேலை செய்ய வேண்டுமே. அதனால் எல்லாரும் எப்போதும் ஒன்றாம் சேனலிலேயே வைத்திருப்போம். எவனாவது மாற்றி அனுப்பினால் அவனுக்குச் செம திட்டு விழும். ஆனால் ஒரே மண்டபத்தில் பெண் வீட்டுப் போட்டோக்காரரும் மாப்பிள்ளை வீட்டுப் போட்டோக்காரரும் சந்தித்தால், சாப்பிட்டாச்சா என்று கேட்பதற்கு முன்னால் "எந்த சேனல்?" என்றுதான் கேட்டுக்கொள்வோம். யாராவது ஒருவர் மாற்றிக்கொள்வோம். சண்டை வந்ததில்லை.

கல்யாணத்தன்று விடிகாலையில் மேடையில் ஆளே இல்லாதபோது சோதித்துப் பார்த்தேன். வீட்டுக்காரரைத் தம்பி இடத்தில் நிறுத்தி எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு குடையும் பளிச்சென்று மலர்ந்தன. பாட்டரி புதுசு. முகத்தில் வெளிச்சம் நான் நினைத்த மாதிரியே இடது பக்கம் எச்சாகவும் வலது பக்கம் கம்மியாகவும் விழுந்தது. "இதையேதான் நீங்களும் செய்யோணும். வேற பட்டன் எதையும் தொட்டுப்போடாதீங்க" என்றேன். "நான் ஏன் புள்ள தொடறேன்" என்றார். பிறகு நான் பட்டுச்சேலை கட்டப் போய்விட்டேன்.

தப்பு அங்கேதான் நடந்தது. பெண் வீட்டாரின் போட்டோக்காரர் ராசிபுரத்துப் பக்கம், என்னைவிட வயதில் சின்னவர், அதுவரை நான் பார்க்காதவர். நான் மேடையை விட்டுப் போன பிறகுதான் வந்து சேர்ந்திருக்கிறார். வந்தவர் கேமரா வைத்திருந்த என் வீட்டுக்காரரிடம் முறைப்படி எந்த சேனல் என்று கேட்டிருக்கிறார். "எல்லாம் செட் பண்ணி வெச்சிருக்குதுங்க, நான் அமுக்கறதுதானுங்க" என்று இவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். சரி, விவரமான ஆள், மாற்றியிருப்பார் என்று அவர் போய்விட்டார். அதன் பிறகு அவர் என்னைத் தாண்டித்தான் போனார், வந்தார். தலை நிறையப் பூவும் பட்டும் ஒட்டியாணமுமாக நின்றவளைப் பார்த்து யார் சேனல் கேட்பார்கள்? "வாங்க" என்று கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். எனக்கோ ஒரம்பரைச் சொந்தங்களை வரவேற்கும் அமளியில் சேனல் என்ற சொல்லே நினைவில் இல்லை.

சீர் தொடங்கியது. கல்யாணத்தை நடத்திவைக்கும் பெரியவரை எங்கள் பக்கம் அருமைக்காரர் என்போம். அவர் கூடையை என் இடுப்பில் வைத்தார், சேலை முனையைக் கையில் கொடுத்தார். தம்பி பக்கத்தில் நின்றான். வேட்டி சட்டையில் திடீரென்று அப்பா ஜாடை. நான் அவனைப் பார்க்கக்கூடாது, பார்த்தால் அழுதுவிடுவேன் என்று நேரே கேமராவைப் பார்த்தேன். குடைகள் பளிச் பளிச் என்று அடித்தன. ஆஹா என்று இருந்தது. அப்போது வீட்டுக்காரர் கேமராவின் முதுகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பக் கேமராவைப் பார்த்தார்.

"ஏம்புள்ள, ஒன்னுந் தெரியலையே. ஒரே இருட்டா இருக்குது."

"இருட்டா? லைட்டு அடிக்குதுங்களே!"

"அடிக்குது. படத்துல வர்ல."

லைட் அடிக்கிறது, படத்தில் இல்லை. அப்படியானால் ஷட்டர் வேகம் கூடிப்போயிருக்க வேண்டும். கை பட்டுச் சக்கரம் சுற்றியிருக்கும் என்று நினைத்தேன். "மேல இருக்கற சக்கரத்தைத் திருப்பி நூறுல வெய்ங்க!" என்று மேடையிலிருந்தே கத்தினேன். அருமைக்காரர் திரும்பினார்.

"சாமி, சித்தே பேசாம நில்லு. சீரு நடக்குது."

"சரிங்க" என்றேன். வீட்டுக்காரர் அமுக்கினார். தலையை ஆட்டினார். இருட்டு. சரி, மாஸ்டர் கழன்றிருக்கும். "அந்தத் தலை மேல இருக்கறத நல்லா உள்ள தள்ளி, பூட்டைத் திருப்புங்க!" திருப்பினார். அமுக்கினார். ஒரே ஒரு படம் பாதி வெளிச்சத்தில் வந்தது என்றார், அடுத்தது மறுபடியும் இருட்டு. அதற்குள் குடைகள் தன்னிஷ்டத்துக்கு அடித்துக்கொண்டே இருந்தன. அவர் அமுக்காதபோதும் அடித்த மாதிரி இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அதை ஆப் பண்ணி ஆன் பண்ணுங்க! மாஸ்டருக்கு எம்முல வெய்ங்க, எஸ் இல்லீங்க, எம்மு! ஐயோ, அந்தப் பட்டன் இல்லீங்க, அக்கட்டால இருக்கறது!" என்று வாய்விட்டுக் கத்தினேன். கீழே உட்கார்ந்திருந்த சனம் சிரித்தது. தம்பி ஒரு கையில் சேலை முனையைப் பிடித்தபடி, இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்து "அக்கா, உடு" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தான். அருமைக்காரர் பாவம், சிரிக்கவும் முடியாமல் முறைக்கவும் முடியாமல் நின்றார். அதற்குள் சீர் முடிந்துவிட்டது. கூடையை வாங்கிக்கொண்டார்கள். சேலையை மடித்துத் தட்டில் வைத்துப் பெண்ணின் அறைக்குக் கொண்டுபோனார்கள்.

ஓடிப்போய்க் கேமராவைப் பிடுங்கினேன். ஒரு சோதனைப் படம். இரண்டு குடையும் பளிச்சென்று அடித்தன, அருமையான வெளிச்சம். இன்னொன்று, அதுவும் நன்றாக வந்தது. எனக்குக் கேமராவைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. கேமராவில் பின்னோக்கித் தள்ளிச் சீர்ப் படங்களைப் பார்த்தேன். கறுப்பு. கறுப்புக்குள் ஜரிகை மட்டும் லேசாக மினுங்கியது. முகம் எங்கே என்று தேட வேண்டும்.

அருமைக்காரரிடம் போய் நின்றேன். "இன்னொருக்கா நிறுத்தி வெய்ங்களேன், சும்மா படத்துக்குத்தான்" என்றேன்.

"சீரு ஒருக்காத்தான் கண்ணு. அந்தச் சீலையை இந்நேரம் பொண்ணு கட்டியிருக்கும். எதைப் புடிச்சுட்டு நிப்ப?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. வேறு சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்க எனக்கே மனசு வரவில்லை. அம்மா முன் வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துத் தலையை மேலே ஆட்டினாள், வந்ததா என்று. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முகூர்த்தத்துக்கு நானே கேமராவோடு மேடையேறினேன். பெண் வந்து உட்கார்ந்தாள். பெண் வீட்டுப் போட்டோக்காரரும் எனக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றார். நான் விரலைக்கூட அசைக்கவில்லை, என் இரண்டு குடையும் பளிச்சென்று அடித்தன. நிமிர்ந்து பார்த்தேன். அவர் கேமரா கண்ணில் இருந்தது. மறுபடி அவர் அமுக்கினார், மறுபடி என் குடைகள் அடித்தன. அந்தச் சூட்டோடு நான் அமுக்கினேன், ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் புரிந்தது. ஒரு தடவை அடித்த ஃபிளாஷ் திரும்ப மின்சாரம் ஏற்றிக்கொள்ளக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அவர் படபடவென்று அமுக்கி என் லைட்டுகளைக் காலி செய்துகொண்டே இருந்தால், நிதானமாக அமுக்குகிற என் வீட்டுக்காரருக்கு என்ன மிஞ்சும்?

குனிந்து மேடையின் பின்பக்கமாக அவரிடம் போனேன்.

"நீங்க எந்த சேனலுங்க?"

"ஒன்னுங்க."

"நானும் ஒன்னுதான்! ஏனுங்க, ஒரு மண்டபத்துக்கு வந்தா கேக்க மாட்டீங்களா? என்ர லைட்டைப் பூராம் நீங்க அடிச்சுத் தீத்துட்டீங்களே!"

அவர் திகைத்துப்போனார். ஒட்டியாணத்தைப் பார்த்தார், கையில் கேமராவைப் பார்த்தார். "நீங்கதான் போட்டோவுங்களா அக்கா? அண்ணன்கிட்டக் கேட்டனுங்க..."

"உங்க லைட்டெல்லாம் எங்க?"

"பொண்ணு ரூம்ல வெச்சிருக்கறனுங்க."

பெண்ணின் அறை மேடைக்கு நேர் பின்னால். ரேடியோவுக்குச் சுவர் ஒரு பொருட்டா? அவர் உள்ளே பெண்ணைப் படம் எடுக்க எடுக்க, வெளியே என் குடைகள் அடித்துத் தீர்ந்திருக்கின்றன என்று முடிவு கட்டினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஒன்னும் பேசாதீங்க, முகூர்த்த நேரம்" என்று அடக்கிவிட்டு, என்னுடையது மூன்றையும் ஐந்தாம் சேனலுக்கு மாற்றினேன். பட்டனை அமுக்கிச் சக்கரத்தைத் திருப்புகிற வேலை, அவ்வளவுதான். காலையில் செய்திருந்தால் போதும். தாலி கட்டும் படம் கச்சிதமாக வந்தது. என் வாழ்க்கையில் எடுத்த நல்ல படங்களில் அது ஒன்று. வழக்கம்போல அதில் நான் இல்லை.

செல்போனில் எடுத்த உறவுக்காரர்களை எல்லாம் பிடித்துக் கேட்டேன். எல்லார் படத்திலும் தம்பி இருந்தான், என் முகத்தை அருமைக்காரர் முதுகு மறைத்திருந்தது. வீடியோக்காரர் கிரேனைத் தூக்கி எங்கள் உச்சந்தலையை வெகு அழகாக எடுத்திருந்தார். இருட்டுப் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு வெளிச்சத்தை ஏற்றி ஏற்றிப் பார்த்தேன். முகத்தில் மணலை வாரிக் கொட்டினாற்போல வந்தது. வரவேற்பில் தம்பியும் அவன் பெண்டாட்டியும் நானுமாக நின்ற படம் இருக்கிறதே என்று வீட்டுக்காரர் சொன்னார். இருந்தது. ஆனால் அதில் எங்களோடு ஒரு கிராமமே நிற்கிறது. அம்மா கேட்டது அதுவா? அவளும் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குது" என்று திருப்பிக் கொடுத்தாள். ஆணியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

வீட்டுக்காரர் பாவம், தன்னால்தான் என்று மருகிக்கொண்டே இருந்தார். "அவரு கேட்டப்ப உன்னையக் கூப்புட்டிருக்கோணும்" என்றார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. நான் திட்டாதது அவருக்கு இன்னும் பயமாகப் போய்விட்டது.

தம்பி ஊருக்குப் போகும் நாளும் வந்தது. விமானத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில் வாசலில் நிறுத்தி ஒரு செல்ஃபி எடுத்தோம். அவன் கண் பெட்டி மேல், என் கண் அழுது வீங்கிப்போயிருந்தது. அதை நான் அம்மாவிடம் காட்டவே இல்லை. அவன் போன பிறகு அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கூடத்தில் உட்காரமாட்டேன். நேரே சமையல்கட்டுக்குப் போய்விடுவேன். அந்த வெறும் ஆணியைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அப்புறம் ஒரு மத்தியானம், ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் வெட்டிக்கொண்டிருந்தேன். அந்த ராசிபுரத்துப் போட்டோக்காரர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னுங்க, மறுபடியும் எந்த சேனல்னு கேக்க வந்தீங்களா?"

"திட்டுங்க அக்கா, திட்டுங்க. அன்னைக்கே வாங்குனதுதான்" என்று சிரித்தபடி பெஞ்சில் உட்கார்ந்தார். பைக்குள்ளிருந்து பென்டிரைவை எடுத்தார். "பொண்ணூட்டு ஆல்பம் போட்டுட்டிருந்தனுங்க. ஒரு படத்துல எனக்கு ஒரு சந்தேகம். நீங்களே பாருங்க."

கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்தேன்.

இணைச்சீர். நானும் தம்பியும். சேலை எங்களுக்கு நடுவே தொங்குகிறது. கூடை என் இடுப்பில். சுற்றி ஒருவரும் இல்லை, அருமைக்காரரின் கை மட்டும் ஓரத்தில். வெளிச்சம் இடது பக்கம் எச்சு, வலது பக்கம் கம்மி.

"நீங்க பொண்ணு ரூம்லதான இருந்தீங்க?"

"தலை பின்னுறாங்கன்னு என்னைய வெளிய போகச் சொல்லிட்டாங்க அக்கா. மேடையில சீரு நடந்துச்சு, சும்மா இருப்பானேன்னு ஓரமா நின்னு எடுத்தேன். லைட்டுதான் என்ர கூட இல்லையே, ரெண்டும் ரூமுக்குள்ள. ஆனாப் படம் பாருங்க, இப்படி வருது. மண்டபத்து லைட்டு நெம்ப நல்லா இருக்குதுன்னு நினைச்சுட்டேன். ஆல்பத்துக்குப் பெருசு பண்ணுறப்பத்தான் பாத்தேன்." திரையில் என் முகத்துக்கு மேல் விரலை வைத்தார். "உங்க கண்ணுக்குள்ள பாருங்க. குடை தெரியுது. நான் குடை கொண்டாரவே இல்லீங்க."

பெரிதாக்கினேன். என் இரண்டு கண்ணிலும், கறுப்பு விழிக்கு மேல், வெள்ளையாக என் குடை. சந்தேகமே இல்லை, ஒரு கம்பி வளைந்த என் பழைய குடைதான். அவர் அமுக்கிய அமுக்குக்கு என் லைட் அடித்திருக்கிறது. அன்றைக்கு இரண்டு பேரில் யாராவது ஒருவர் யோக்கியமாகச் சேனலை மாற்றியிருந்தால் அவருடைய இந்தப் படம் கறுப்பாகத்தான் போயிருக்கும்.

"லைட்டு உங்களுது. அப்பப் படமும் உங்களுதுதானுங்க. அதான் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

நான் அழுதுவிட்டேன். பாஸ்போர்ட் படத்துக்கு வந்து காத்திருந்த அம்மாள் என்னவோ ஏதோவென்று எழுந்து நின்றுவிட்டார். ராசிபுரத்துக்காரர் பாவம், எனக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். அன்றைக்கு மேடைக்குப் பின்னால் அவர் சொல்ல வாயெடுத்தது, சீரைத் தானும் எடுத்திருக்கிறேன் என்பதைத்தானாம். நான்தான் பேச விடவில்லை.

படத்தில் நான் லட்சணமாக இருக்கிறேன் என்று சொல்ல வழியில்லை. வாய் முழுசாகத் திறந்திருக்கிறது. கண்ணை உருட்டிக்கொண்டு எதிரே நிற்கும் என் வீட்டுக்காரரை விரட்டிக்கொண்டிருக்கிறேன். மாஸ்டர் என்று சொல்லும்போது எடுத்ததா, எம்மு என்று சொல்லும்போது எடுத்ததா தெரியவில்லை. தம்பி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கேமராவை மறந்து, என்னையே பார்த்துச் சிரிக்கிறான். அவன் அப்படி என்னைப் பார்த்தது அன்றைக்கு எனக்குத் தெரியாது. நான் லைட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றே பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்து, சாயங்காலம் அம்மா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனோம். வீட்டுக்காரர்தான் தூக்கி வந்தார், கண்ணாடிச் சாமான் மாதிரி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு. வழி நெடுக நான் புலம்பினேன். வாய் இப்படித் திறந்திருக்கிறதே, அம்மா மாட்டுவாளா, கம்ப்யூட்டரில் வாயை மூடிவிடலாமா என்று. "மூடுனா அது நீ இல்ல புள்ள" என்றார் அவர். அன்றைக்கு அவருக்கும் வாய் வந்துவிட்டது.

அம்மா படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு தானே நாற்காலியைப் போட்டு ஏறப்போனாள், வீட்டுக்காரர் ஓடிப்போய் வாங்கி மாட்டினார். அப்பா படத்துக்குப் பக்கத்தில். அப்பாவின் காலடியில் என் நிழல், இந்தப் பக்கம் முழுசாக நான், வாயும் பேச்சுமாக.

தம்பி அந்த நேரத்துக்குத்தான் அங்கிருந்து வீடியோவில் கூப்பிடுவான். அம்மா செல்போனைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் பிடித்தாள்.

"அடேயப்பா! அக்கா, அதுல யாரை இப்படித் திட்டற?"

"உங்க மாமாவைத்தான். வேற யாரு கெடைப்பா?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அப்படியே சுவரில் இருக்கும் சிரிப்புதான். பின்னால் ரிக் ஓடும் சத்தம் கேட்டது, பாதி வார்த்தை அதில் போனது. வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டான். திரை அணைந்த பிறகும் அம்மா போனைப் படத்துக்கு நேராகவே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வெச்சுட்டாம்மா" என்றேன்.

"வெச்சா வெக்கட்டும்" என்றாள் அம்மா. "இப்பத்தாஞ் சாமி ரெண்டு பேரும் ஊட்டுல இருக்கீங்க."